புதுப்பிப்பு: இரண்டு பழைய பான்டூன் படகுகளில் எதை எடுப்பது?

பான்டூன் என்பது உள்ளே காற்று இருக்கும் மூடிய குழாய்கள் மேல் தட்டையான தளம் வைத்த படகு. முன்பு கேட்டது இது: குடும்பத்தோடு ஏரியில் சுற்ற இரண்டு குழாய் வைத்த 20 அடி படகா, மூன்று குழாய் வைத்த 22 அடி படகா? இரண்டையும் சோதித்தாயிற்று. சின்னதுதான்.

பெரியதில் இருக்கை உறையெல்லாம் புத்தம் புதுசு. ஆனால் இருக்கைக்கு அடியில் கம்பளத்தைக் குதிகாலால் அழுத்தினால் தளம் அமுங்குகிறது, பிளைவுட் இற்றுப்போயிருக்கிறது. அதை மாற்ற வேலி, இருக்கை, ஸ்டீயரிங் மேடை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தண்ணீரில் நிற்கும்போதே இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, பெரும்பாலும் வெல்டிங் விரிசல் வழியாக. எஞ்சினின் அடியில் உள்ள கியர் பெட்டியின் ஆயில் திருகைத் தளர்த்தினால் பால் காபி நிறத்தில் வடிகிறது. தண்ணீரைத் தடுக்கும் சீல் போய், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

சின்னதில் எஞ்சினின் எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷனும் (உள்ளே உருவாகும் அழுத்தம்) ஒன்றுக்கொன்று 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கிறது. குழாயில் சின்ன நசுங்கல்கள் உண்டு. வெல்டிங்கைத் தொடாததால் கவலையில்லை. எடுத்ததும் முதல் வேலை, வாட்டர் பம்ப் இம்பெல்லரை (தண்ணீரை ஏற்றும் சுழல் சக்கரம்) மாற்றுவது. அதன் ரப்பர் இதழ்கள் விறைத்துப்போனால் குளிர்விக்கும் தண்ணீர் ஏறாது, எஞ்சின் சூடேறிவிடும். குழந்தைகளுக்கு அவரவர் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் தனியாக வேண்டும். பெரியவர்களுடையது தலைவழியே கழன்றுவிடும்.