அமெரிக்காவில் சிக்னல் பாலங்களை எங்கே படமெடுக்கலாம்?

கேள்வி:
தண்டவாளங்களுக்குக் குறுக்கே எஃகுச் சட்டமாக நின்று, ஒவ்வொரு தடத்துக்கும் மேலே அதற்குரிய விளக்கைத் தாங்கும் சிக்னல் பாலங்களை அமெரிக்காவில் படமெடுக்க விரும்புகிறேன். ரயில்வே நிலத்துக்குள் அத்துமீறி நுழையாமல் அவற்றைக் காணக்கூடிய இடங்கள் எவை?

பதில் 1:
சிகாகோவிலிருந்து அதன் புறநகரான அரோராவுக்குச் செல்லும், பிஎன்எஸ்எஃப் என்ற ரயில் நிறுவனத்தின் வழித்தடத்தையே முதலில் சொல்வேன். மூன்று தடங்கள் அடுத்தடுத்து ஓடுவதால் நடுத்தடத்தின் பக்கத்தில் கம்பம் நட இடமில்லை. ஆகவேதான் அங்கே பாலங்கள் தேவைப்பட்டன. புறநகர் நிலையங்களின் நடைமேடைகளில் நின்றே படமெடுக்கலாம்.

பதில் 2:
பென்சில்வேனியாவின் அல்டூனாவுக்கு மேற்கே, மலைப்பாதையில் உள்ள கிரெசனில் ஆர்வலர்களுக்கென்றே ஒரு பார்வை மேடை இருக்கிறது. இந்தப் பாதையை முன்பு நடத்திய பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் 1915 முதல் நிறுவிய சிக்னல்களில், மஞ்சள் விளக்கு வரிசை நெடுக்காக எரிந்தால் செல்லலாம், சாய்வாக எரிந்தால் எச்சரிக்கை, கிடையாக எரிந்தால் நிற்க வேண்டும் என்று பொருள். அந்த அழகிய விளக்குகள், 2008ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்து நேரும் முன் ரயிலைத் தானாகவே நிறுத்தும் கட்டுப்பாட்டு அமைப்பைப் பல வழித்தடங்களில் கட்டாயமாக்கிய பிறகு, பல வழித்தடங்களிலிருந்து அகற்றப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமே. ஆகவே எங்கேனும் பழைய பாலம் மிஞ்சியிருந்தால் தள்ளிப்போடாமல் படமெடுத்துவிடுங்கள்.

பதில் 3:
இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். பல சிக்னல்கள் ரயில் நெருங்கும்போதுதான் ஒளிரும். எஞ்சின் சிக்னலைக் கடந்ததும் அது சிவப்பாகிவிடும். பச்சை விளக்கும் எஞ்சினும் ஒரே படத்தில் அமைய வேண்டுமானால், ரயில் பாலத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே, பொதுச் சாலை மேம்பாலத்திலிருந்து நீண்ட லென்ஸால் எடுங்கள்.