ஐயாவின் எண்

வாட்ஸ்அப் குழு: பெரிய வீடு

சின்ன ஐயா (காரைக்குடி), காலை 10.12
எல்லோருக்கும் வணக்கம். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதை நேற்று மாலைதான் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நவம்பர் பிறந்தால் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு வாழ்நாள் சான்றிதழ் வேலை வந்துவிடும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். அந்தச் சலுகைக்கு எனக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. வழக்கம்போல் வங்கிக்குப் போனேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கருவி, நடுவே சிவப்பு வெளிச்சம் எரியும் கண்ணாடி. வலக்கைக் கட்டைவிரலை வைத்தேன், பொருந்தவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, ‘கொஞ்சம் அழுத்துங்கள், ஐயா’ என்று சொல்லச் சொல்ல, பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் அமிலமும் காரமும் புழங்கிய கையில் ரேகை எங்கே மிச்சமிருக்கப் போகிறது? எங்கள் காலத்தில் மானி ஒன்றும் காட்டாவிட்டால் முதலில் மானியைத்தான் சந்தேகிப்போம். இங்கே ஆளைச் சந்தேகிக்கிறார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், நான் வேறு யாருடைய விரலையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

ராமநாதன் (காரைக்குடி), காலை 10.25
சின்ன ஐயா பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் வீட்டிலேயே முகத்தைப் படமெடுத்து முடித்துவிட்டோம். இந்தச் சான்றிதழை இணையத்திலேயே கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியபோது விரலும் கருவிழியும்தான் இருந்தன. முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரில்தான் வந்தது. அதற்கு இரண்டு செயலிகள் வேண்டும். ஆதார் முகச் சரிபார்ப்புக்கான இரண்டாவது செயலியைப் பதிவிறக்கிய பிறகும் திரையில் அதன் படம் தெரியவில்லை. இறங்கவில்லை என்று நினைத்து நான் இரண்டு முறை தேடினேன். முதலில் இரண்டாங்கட்டில் உட்காரவைத்து எடுத்தேன், வெளிச்சம் போதவில்லை. பிறகு நாற்காலியை முற்றத்து ஓரத்துக்கு நகர்த்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டுங்கள் என்றால், பிள்ளையார்பட்டிச் சன்னதியில் நிற்பவரைப் போல இவர்கள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான்காவது முறை பச்சை வந்தது.

அப்பத்தா (பெரிய வீடு), காலை 10.51
தம்பி, உங்களுக்காவது உயிரோடு இருப்பதை நிரூபிக்கிற வேலை. எனக்கு, உங்கள் அண்ணன் இறந்துபோனதை மறைத்துவைக்கிற வேலை. 2021 ஐப்பசியில் அவர்கள் போனதிலிருந்து அந்தப் பழைய பட்டன் போனை இரும்புப் பெட்டியில், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அதை எடுத்துச் சார்ஜ் போடுவேன். கெடு முடிவதற்கு முன்னால் ராமநாதன் ரீசார்ஜ் செய்துவிடுவான். கேஸ் பதிந்தாலும், கரண்டு பில் வந்தாலும், வரி கட்டினாலும் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னார்களே, அப்போது என் ஆதாரைக் கொடுத்தோம். எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதனால், ஐந்தாவது ஆண்டாக உங்கள் அண்ணன் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. இவ்வளவையும் நான் விரலால் எழுதவில்லை, போனிடம் பேசியே எழுதுகிறேன். வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னால் அது வேறெதையோ எழுதிவைக்கிறது. மேடையில் பேசுகிறவர்களைப் போல நிறுத்திச் சொன்னால்தான் விளங்கிக்கொள்கிறது. சமையற்கட்டில் நின்று நான் செந்தமிழ் பேசுவதைக் கேட்டு வேலைக்கு வருகிற பெண் சிரிக்கிறாள்.

வள்ளியப்பன் (சிங்கப்பூர்), பிற்பகல் 12.05
இறந்தவர் எண்ணுக்கு நாம் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறோம் என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

உமையாள் (சென்னை), பிற்பகல் 12.30
அண்ணே, அப்படியே நிறுத்திவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் கழிந்த பிறகு அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது நம் வீட்டுக்கான ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய் விழும். ஆகையால், காரணம் தெரியாமலே அப்பத்தா செய்துவந்தது சரியான காரியம்தான். ஆனாலும் அதை இப்படியே விட்டுவைக்கக் கூடாது.

இதுபோன்ற மென்பொருள்களை எழுதும் வேலையில் இருப்பவள் என்பதால் என் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். படிவம் ஒன்றை வடிவமைக்கும்போது கைப்பேசி எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம் போடுவோம், பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரக் குறி வைப்போம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஓர் ஆளுக்கு ஓர் எண், அந்த எண் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும் என்பதுதான் எங்கள் கணக்கு. ஒரு வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள், அவர்களில் நால்வர் கடல் கடந்து இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்வது 82 வயது அப்பத்தா, எண் மட்டும் இறந்துபோன ஐயாவுடையது என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் அதை விதிவிலக்கு என்பார்கள். செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு அப்படித்தானே இருக்கிறது.

சின்ன ஐயா, பிற்பகல் 1.10
உமையாள் சொன்னதும் எனக்கு எங்கள் ஐயாவின் நினைவு வருகிறது. அவர்கள் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பலேறி, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர்கள். முதலாளி இங்கே ஊரில் இருப்பார். அவர் பெயரில் கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்காடுவது எல்லாவற்றுக்கும் மேலாளிடம் பவர் பத்திரம் இருக்கும். மூன்று ஆண்டுத் தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், அடுத்தவர் போய்ப் பொறுப்பேற்பார். முதலாளியின் கையெழுத்தை மேலாள் போட மாட்டார். கடையின் விலாசத்தை, அதாவது கடைப் பெயரை எழுதி, அதற்காக இன்னார் என்று தன் பெயரில்தான் கையெழுத்திடுவார். இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்வது மறைக்க வேண்டிய விஷயமாக அன்று இல்லை.

இன்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) கேஸ் பதிவதற்கு இறந்துபோன அண்ணனாக நடிக்க வேண்டியிருக்கிறது. ராமநாதன் என் போனை வாங்கி, என் ஓடிபியைப் பார்த்து, நானாகவே மாறி விண்ணப்பிக்கிறான். சேவை மையத்திலும் ‘எண் வந்துவிட்டதா, சொல்லுங்கள்’ என்கிறார்கள். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது. கருவியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ‘இவருக்காக நான் செய்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு ஒரு கட்டம் அதில் இல்லையே என்பதுதான் என் குறை.

வள்ளியப்பன், பிற்பகல் 1.48
பணம் அனுப்புவதில் மட்டும் அப்படி ஒன்று வந்திருக்கிறது, சின்ன ஐயா. 2016 ஏப்ரலில் யூபிஐ தொடங்கியபோது இல்லாத ஏற்பாடு. 2024 ஆகஸ்டில் யூபிஐ சர்க்கிள் என்று கொண்டுவந்தார்கள். கணக்குக்குச் சொந்தக்காரர் தமக்கு நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவர் தம்முடைய போனிலிருந்தே சொந்தக்காரர் கணக்கில் பணம் செலுத்தலாம். முழுப் பொறுப்பாக விட்டால் மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை உச்சவரம்பு. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர் ஒப்புதல் தர வேண்டும். ஏறத்தாழ ரங்கூன் மேலாள்தான், தொகைதான் சின்னது.

வீட்டுக் கணக்குக்கு நான் போட்டுக்கொடுத்த விரிதாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதம் அதில் குழப்பம் நேர்ந்தது. ஓடு மாற்றிய செலவு, ஆத்தங்குடிக் கல் பதித்த கூலி, காவல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் பதினோரு பங்காகப் பிரித்து அதுவே காட்டும். எவ்வளவோ நேரம் மிச்சம். ஆனால் யாரோ போனில் திறந்து பார்த்தபோது விரல் பட்டு ஒரு வரிசை அழிந்துவிட்டது. அழிந்த அடையாளமே இல்லாமல் கூட்டுத்தொகை மட்டும் குறைந்து நின்றது. பழைய பதிப்பைத் தேடி மீட்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. என் சொந்த வேலைகளுக்கும் நினைவூட்டும் செயலிகள் மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது எனக்கு நானே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொள்வதில் வந்து நிற்கிறேன்.

அப்பத்தா, பிற்பகல் 2.20
வள்ளியப்பா, உங்கள் ஐயா பேரேட்டில் பிழை வந்தால் சுரண்ட மாட்டார்கள். மேலே ஒரு கோடு போட்டு, கீழே சரியானதை எழுதுவார்கள். அடித்ததும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பார்கள். உன் தாளிலும் அப்படிக் கோடு போட முடியுமானால் போட்டுவை. நான் இங்கே நோட்டிலும் எழுதித்தான் வருகிறேன். அழிந்துபோனது காவல்காரரின் புரட்டாசிச் சம்பளம். அதுவும் இங்கே இருக்கிறது.

வள்ளியப்பன், பிற்பகல் 2.24
அதைத் தேடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அப்பத்தா. உங்களிடம் கேட்டிருக்கலாம்.

உமையாள், மாலை 4.02
எண் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வரை தள்ளிப்போட்டதை இன்று தொடங்கிவிடலாம். மின் இணைப்பைப் பெயர் மாற்ற ஐயாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்கலாம், அதற்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்து வாங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கைப்பேசி எண்ணையாவது அப்பத்தாவின் எண்ணாக மாற்றிவைப்போம். எங்கெங்கே ஐயாவின் எண் இருக்கிறது என்று அப்பத்தா நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டால், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம். எல்லாம் முடியும் வரை ரீசார்ஜை நிறுத்த வேண்டாம், ராமநாதா.

ராமநாதன், மாலை 4.09
சரி, ஆச்சி. இந்த மாதத்துக்கு நேற்றே போட்டுவிட்டேன்.

அப்பத்தா, மாலை 4.37
இரும்புப் பெட்டிக்குள் போன் சத்தம் கேட்டுத் திறந்தேன். உங்கள் ஐயாவின் எண்ணுக்கு ஆறு இலக்கத்தில் ஏதோ வந்திருக்கிறது. யார் கேட்டது?

உமையாள், மாலை 4.38
நான்தான், அப்பத்தா. எண்ணை மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். மாற்றுவதற்குப் பழைய எண்ணில் இருப்பவரின் ஒப்புதல் வேண்டுமாம். அதைக் குழுவில் போட்டுவிடாதீர்கள், நானே கூப்பிடுகிறேன்.

அப்பத்தா, மாலை 4.39
சீக்கிரம் கூப்பிடு. பத்து நிமிடம்தான் என்று எழுதியிருக்கிறது, என் கண்ணாடி முகப்பில் இருக்கிறது.