கறுப்புச் சேவல் ஒயினுக்குக் காரப் பாஸ்தா ஒத்துவருமா?

ஏற்காட்டு நண்பர்களுக்கு வணக்கம். இத்தாலியிலிருந்து வந்த மைத்துனர் ஒரு கியாந்தி கிளாசிகோ சிவப்பு ஒயின் கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. ஞாயிறுவரை பொறுக்காமல் நேற்றே திறந்துவிட்டேன். முதல் வாய் ஏமாற்றம்தான். நாவற்பழம் தின்றதுபோல் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. அரை மணி நேரம் குவளையில் காற்றாட வைத்த பிறகு புளிப்புச் செர்ரி வாசனை மெல்ல எழுந்தது. கியாந்தி கிளாசிகோ ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சான்ஜொவேசே திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. புளிப்பு அதன் பிறவிக் குணம். தக்காளிச் சாறோடு அது ஒத்துப்போவதும் அதனால்தான்.

சிக்கல் என் மாமனார். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து மலையேறி வருகிறார். மிளகாய் இல்லாத பாஸ்தாவைப் பத்தியச் சாப்பாடு என்பார். காரம் கூடினாலோ ஒயின் தொண்டையில் எரியும், துவர்ப்பும் தூக்கலாகும். மிளகாயை விட்டுவிட்டு, நம் தோட்டத்து மிளகைத் தட்டிப் போட்டுச் சமாளிக்கலாமா? சேலத்தில் பர்மேசான் பாலாடைக்கட்டி, தூளாக இல்லாமல் கட்டியாக, எங்கே கிடைக்கும்? மீதி ஒயினைக் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்; மூன்று நாள் தாங்கிவிடும் அல்லவா? சமைத்துப் பார்த்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.