ஈடிஸ்டோன் ரைஃபிளில் அசையாத பேரல்: எங்கள் பட்டறையில் நடந்தது

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள்களில் வேலை பார்ப்பவர்களிடம் ஈடிஸ்டோன் என்று சொன்னாலே முகம் மாறும். முதல் உலகப் போருக்காக எம்1917 ரைஃபிள்களை வின்செஸ்டர், ரெமிங்டன், ஈடிஸ்டோன் என மூன்று ஆலைகள் செய்தன. பாதிக்கு மேல் பென்சில்வேனியாவின் ஈடிஸ்டோனில் செய்தவை. பேரலை (தோட்டா வெளியேறும் குழல்) ரிசீவரில் (பேரல் மரையில் ஏறும் ரைஃபிளின் நடு உடல்) அங்கே அவ்வளவு முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். அதன் மேல் நூறு வருஷத் துரு வேறு.

எங்கள் பட்டறைக்கு வந்ததும் அப்படி ஒன்றுதான். பேரல் உள்ளே அரித்துப் போயிருந்தது, உரிமையாளருக்கு ரிசீவர் மட்டும் போதும். சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) தோட்டா இல்லை என்று பார்த்து, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். பேரலை அலுமினியக் கட்டைகளுக்கு நடுவே வழுக்காமல் இருக்க ரோசின் பொடி தூவி வைஸில் இறுக்கி, ரிசீவரில் மாட்டிய ரெஞ்சின் கைப்பிடியில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. மெதுவாக இழுப்பதைவிட இந்தத் திடீர் அடிக்குத்தான் மரை விட்டுக்கொடுக்கும். இது விடவில்லை.

கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி இழுக்கலாம் என்றார் கூட இருந்தவர். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. பேரலைக் கழற்றும்போது ஈடிஸ்டோன் ரிசீவரின் முன்வளையம் (பேரல் ஏறும் முன்பகுதி) விரிசல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சுடுகிறவரின் முகம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எப்படியும் தூக்கிப் போடப்போகிற பேரல்தானே என்று லேத்தில் ஏற்றினோம். ரிசீவர் முகப்பை ஒட்டி, பேரலின் தோளில் (ரிசீவர் முகப்பில் முட்டும் விளிம்பு) மட்டும், பார்ட்டிங் டூல் என்ற மெல்லிய வெட்டுளியால் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் வெட்டினோம், மரையின் அடி ஆழம் நெருங்கும் வரை. டூல் ரிசீவரைத் தொடவே கூடாது. இறுக்கமெல்லாம் அந்தத் தோள் ரிசீவரை அழுத்துவதில்தான் இருக்கிறது. அது போனதும் அதே ரெஞ்சுக்குச் சாதாரணமாகச் சுற்றி வந்துவிட்டது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் போட்டுப் பார்த்தோம், ரிசீவரில் ஒரு கீறல் இல்லை.

---

அண்ணா, உங்கள் ஈடிஸ்டோன் கதையைப் படித்தேன். மவுசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அதில் தோளில் போடும் இந்த வெட்டு பெரிதாக உதவாது. பேரலின் பின்முகம் ரிசீவருக்கு உள்ளே இருக்கும் வளையத்தில் போய் முட்டுகிறது, அழுத்தம் அங்கேதான். என்னிடம் வந்தது எண்ணெய், மிதமான சூடு, சுத்தியல் அடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் விட்டது. ரிசீவர் நிறம் மாறுகிற அளவுக்குச் சூடேற்றினால் எஃகின் பதம் போய்விடும், அதை மறுபடி நம்பிச் சுட முடியாது. ரெஞ்சும் முன்வளையத்தைப் பிடிக்க வேண்டும். பின்பக்கம் பிடித்து முறுக்கினால் பேரலுக்குப் பதில் ரிசீவர் முறுக்கிக்கொள்ளும்.