அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 84 ஆண்டு தனியார் கையில் இருந்தது தமிழுக்கு ஆக்கமா, இழப்பா?

பெரம்பூர் வாசகி:
"தனியார் பல்கலைக்கழகம் என்றாலே கல்லாப்பெட்டிதான், அதனால் தமிழுக்கு ஒரு துரும்பும் கிடைத்ததில்லை" என்று நேற்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவர் நினைவுக்கே வரவில்லையா?

1920-ல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார் செல்வர் அண்ணாமலை செட்டியார். தமிழ்க் கல்லூரி தொடங்கியபோது 1924-ல் உ.வே.சாமிநாதையரையே முதல்வராக அழைத்து வந்தார். பிறகு தன் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் எடுத்துக் கொடுத்தார். 1929-ல் பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழ்த் துறையில் வந்து அமர்ந்தவர்களைப் பாருங்கள்: பின்னாளில் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ்நூல் தந்த விபுலாநந்தர், நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசன் செட்டியார், தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் வரும் துக்கடா இடம்தான் என்றிருந்த காலத்தில், 1941-ல் தமிழிசை மாநாடு கூடியதும் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகரில்தான். அதன் தொடர்ச்சியாகத்தான் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றத்தில் மார்கழியில் தேவாரப் பண் கேட்டவர்கள் யாரும் அந்த வரியை எழுத மாட்டார்கள்.

மேடவாக்கம் தகப்பன்:
அம்மா, அந்த வரியை எழுதியவன் நான்தான். கோபத்தில் எழுதினேன், ஆனால் பொய் எழுதவில்லை.

போன வாரம் மகனோடு புறநகரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக மேசைகள். எங்கள் மேசைக்காரர் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கணினி அறிவியலுக்கு ஒரு தொகை, மின்னணுவியலுக்கு ஒரு தொகை, சிவிலுக்கு ஒரு தொகை. துணிக்கடை விலைச்சீட்டு போலவே இருந்தது. "நூலகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாமா?" என்றேன். "சேர்க்கை முடிந்தபிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் சார்" என்றார். பேசிக்கொண்டே கணக்குப்பொறியில் விடுதிக் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொல்வது கொடை, நான் பார்த்தது விற்பனை. இரண்டையும் 'தனியார்' என்ற ஒரே சொல்லில் கட்டாதீர்கள்.

வழக்குரைஞர், பாரிமுனை:
இருவருமே ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். அண்ணாமலை இன்றைய பொருளில் தனியார் நிறுவனமே அல்ல. சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பிறந்தது அது. வேந்தர் ஆளுநர். செட்டியாரின் 20 லட்சத்தோடு அரசும் நிதி வைத்தது, ஆண்டுதோறும் மானியமும் தந்தது. ஆனால் அதே சட்டம் நிறுவனரை இணைவேந்தர் ஆக்கி, அந்தப் பதவியை வழிவழியாக அவர் குடும்பத்துக்கே கொடுத்தது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்ப்பட்டியல் தந்ததும் அந்த இணைவேந்தர்தான். பணத்தில் பொதுமக்களின் பங்கும் உண்டு, பிடி மட்டும் ஒரே வீட்டில். எல்லாக் கோளாறுக்கும் விதை அங்கே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய நிறுவனங்களின் வழி வேறு. பெரும்பாலானவை 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் நிகர்நிலைத் தகுதி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு இணையான தகுதி, வாங்கியவை. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். 1985-ல் பொறியியல் கல்லூரி, வேலூர் வி.ஐ.டி. 1984-ல், சத்தியபாமா 1987-ல். மூன்றும் 2001, 2002-ல் நிகர்நிலை ஆயின. 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெயர்ப்பலகையில் 'பல்கலைக்கழகம்' என்று போட்டுக்கொள்ளவும் இவற்றுக்குத் தடை வந்தது. கடிவாளம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. 2002-ல் ஒரு சட்டம் போட்டார்கள், கண்மூடித் திறப்பதற்குள் 112 தனியார் பல்கலைக்கழகங்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்து செய்தது.

வெள்ளாற்றங்கரை:
தமிழைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்களே! நான் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படித்தவன், இப்போது திருவான்மியூரில் இருக்கிறேன். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திலேயே எங்கள் ஆய்வு மையம். விடியற்காலையில் படகில் போய்ப் பொடிக்கண் வலையை இழுத்து, கண்ணாடிக் குடுவையில் நீரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். வெறும் கலங்கல் தண்ணீர் போலத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் துடிக்கும். கொஞ்சம் தெற்கே போனால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. அந்தக் காட்டின் சேற்றில் முழங்கால் வரை இறங்கி வேரை எண்ணியவர்கள் நாங்கள்.

இதில் உடனடி வருமானம் ஒரு பைசா கிடையாது. அப்படியும் ஒரு பல்கலைக்கழகம் அதைத் தாங்கியது. தகப்பனார் போய் வந்த இடத்தில் இப்படி ஒரு துறை உண்டா என்று கேட்டுப் பார்க்கட்டும்.

மேடவாக்கம் தகப்பன்:
தாங்கியது, சரி. எந்தப் பணத்தில் தாங்கியது? 1979-ல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கினார்கள். கிளைமேல் கிளை விட்டு நாடு முழுவதும் பரப்பினார்கள். அந்த வருமானத்தை நம்பி ஆள் எடுத்து, கடைசியில் பணியாளர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. 2012 முடிவில் சம்பளத்தைக் குறைக்கப்போகிறோம் என்றார்கள், ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013-ல் அரசு நிர்வாகியை நியமித்து, புதுச் சட்டம் போட்டு, இணைவேந்தர் பதவியை அந்தக் குடும்பத்திடமிருந்து எடுத்துவிட்டது. உபரி ஊழியர்களை இன்றுவரை வேறு அரசுக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பார்க்கிறோம். ஒரு குடும்பத்தை நம்பிக் கல்வியை விட்டால் முடிவு இதுதான்.

பெரம்பூர் வாசகி:
அஞ்சல்வழிக் கல்வியை அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா.

என் அம்மா பெரம்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 1990-களில் அண்ணாமலையில் அஞ்சல்வழி எம்.ஏ. தமிழ் சேர்ந்தார். பழுப்பு உறையில் பாடப் புத்தகக் கட்டு வரும். சணல் கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைப்பார். இரவு நாங்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு, அடுப்படித் திண்ணையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து நன்னூல் சூத்திரத்தை வாய்க்குள் முணுமுணுப்பார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்களுக்குச் சமைப்பார். இரண்டு பிள்ளைகளோடு, வேலையையும் விடாமல், அவருக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது? பட்டம் வாங்கிய பிறகு ஊதிய உயர்வு கிடைத்தது. அதைவிடப் பெரிது, பட்டதாரி ஆசிரியர்கள் நடுவில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெள்ளாற்றங்கரை:
அம்மாவுக்கு என் வணக்கம்.

தகப்பனாருக்கு ஒரு கேள்வி. 2013-க்குப் பிறகு அரசுதானே முதலாளி? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அதற்குப் பிறகும் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் அப்போது 13,610 ரூபாய். "அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு" என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் போராடிய பிறகே 2021-ல் அது சுகாதாரத் துறைக்கு மாறியது. 2022-ல் இன்னொரு அடி. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று மானியக் குழு அறிவித்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். இந்த இரண்டும் குடும்பத்தின் காலத்தில் நடந்தவை அல்ல.

மேடவாக்கம் தகப்பன்:
இதை மறுக்க எனக்கு வழி இல்லை. மருத்துவக் கட்டணச் செய்தி அப்போது படித்தது, மறந்துபோனேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அரசு என்பதால்தான் அந்தப் பிள்ளைகள் போராடி ஜெயிக்க முடிந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021-ல் வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் போனால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நிகர்நிலைகள் அந்தக் கலந்தாய்வுக்குள்ளேயே வருவதில்லை. என் மகன் படித்தது அரசுப் பள்ளி. நான் பார்த்துவிட்டு வந்த கூடத்தில் அவனுக்கு அந்த உரிமை கிடையாது. எந்தத் துணைவேந்தரிடம் போய் நான் முறையிடுவது?

வழக்குரைஞர், பாரிமுனை:
அப்படியானால் அந்தக் கூடத்துக்கு ஏன் போனீர்கள் ஐயா? கலந்தாய்வு இருக்கிறதே.

மேடவாக்கம் தகப்பன்:
அவன் கேட்ட பிரிவு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். வேறொன்றும் இல்லை.

பெரம்பூர் வாசகி:
எஸ்.ஆர்.எம். தமிழ்ப்பேராயம் ஆண்டுதோறும் விருது தருகிறது என்று யாராவது நினைவூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அது நல்ல காரியம். நான் அண்ணாமலையில் மதிப்பது வேறு. புலவர் ஒருவரை அழைத்து, வீடு கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, படிப்பதும் சொல்லிக்கொடுப்பதுமே உங்கள் வேலை என்று விட்டுவிட்டார்களே, அது. அதைச் செய்ய ஒரு செல்வர் முன்வந்தாலும் ஏற்பேன், அரசு முன்வந்தாலும் ஏற்பேன். இன்று இருவரில் ஒருவரும் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மேடவாக்கம் தகப்பன்:
அம்மா, ஒரு துரும்பும் கிடைத்ததில்லை என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் அம்மா சணல் முடிச்சை அவிழ்த்த கதையைப் படித்த பிறகு அது நிற்காது. ஒரே வீட்டின் கையில் பல்கலைக்கழகம் இருக்கக்கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மகனோடு இன்று இரவே பேசினேன். கலந்தாய்வில் எது வருகிறதோ பார்க்கலாம் என்கிறான். அதற்குமுன் அந்தப் புறநகர் இடத்துக்குத் திங்கட்கிழமை இன்னொரு முறை போகிறோம், நூலகத்தைத் திறந்து காட்டச் சொல்லி. காட்ட மறுத்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.