கூரை ஓரத்தில் ஐஸ் கட்டி, சீலிங்கில் ஈரம்: உடனே செய்ய வேண்டியது என்ன, நிரந்தரத் தீர்வு என்ன?

நொய்யல் (கேள்வி)

வீடு கனடாவில், ஸ்கார்பரோவில், 1984ல் கட்டியது. இரண்டு மாடி, ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் ஓடு) கூரை, சரிவு 12க்கு 5 (கிடையாக 12 அடிக்கு 5 அடி உயரும்). சில நாட்களாக வெளியே மைனஸ் 8க்கும் மைனஸ் 14க்கும் இடையில் இருக்கிறது. கூரையில் சுமார் 25 செ.மீ. பனி. வடக்குப் பக்கக் கட்டர் முழுக்க ஐஸ், அதிலிருந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. மாடியில் அந்தப் பக்கப் படுக்கையறையில், வெளிச்சுவரை ஒட்டிய சீலிங்கில் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. தொட்டால் ஈரம்.

வந்து பார்த்த கூரைக்காரர் ஒருவர், ஷிங்கிள் போய்விட்டது, இந்த மாதமே கூரையை மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஹீட்டிங் கேபிள் போட்டால் போதும் என்கிறார். ஷிங்கிளுக்கு ஒன்பது வயதுதான். இப்போதைக்குத் தண்ணீரை எப்படி நிறுத்துவது? இந்த இருவரில் யார் சொல்வது சரி? 25 செ.மீ. பனியின் பாரத்தைக் கூரை தாங்குமா?

வடலி

வணக்கம் நொய்யல். ஈரம் உள்ளே வந்துவிட்டபடியால் முதலில் இன்றைய வேலை.

அந்த அறையின் சீலிங் லைட்டுக்குப் போகும் பிரேக்கரை அணைத்துவிடுங்கோ. கறை உள்ள இடம் தொய்யத் தொடங்கினால், கீழே வாளியை வைத்து, ஆகத் தாழ்ந்த புள்ளியில் ஸ்க்ரூட்ரைவரால் சின்னத் துளை போடுங்கோ. தண்ணீர் அதால் வடியும். விட்டால் ட்ரைவால் பலகை ஊறிப் பெருந்துண்டாக விழும், கூடவே மேலே கிடக்கிற இன்சுலேஷனும் (சூடு வெளியேறாமல் தடுக்கும் மெத்தை) வரும்.

பிறகு கூரைப் பனி. பனிக்காலத்தில் ஏணியும் வேண்டாம், கூரையில் ஏறவும் வேண்டாம். ஹார்ட்வேர் கடைகளில் ரூஃப் ரேக் விற்கிறார்கள்: நீட்டக்கூடிய அலுமினியத் தடி, முனையில் 60 செ.மீ. அகலப் பலகை. இரண்டு மாடிக்கு 6 மீட்டராவது நீள வேண்டும். பலகையின் அடியில் சின்ன உருளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கோ, ஷிங்கிளில் உள்ள மணல் உரியாது. மேலிருந்து கீழாக நேராக இழுங்கோ, பக்கவாட்டில் தள்ளக்கூடாது. ஷிங்கிள் தெரியும்வரை சுரண்டாமல் 3 முதல் 5 செ.மீ. பனியை விட்டுவிடுங்கோ. மின்கம்பி வீட்டுக்குள் வரும் மூலைக்குத் தடியைக் கொண்டுபோகவே கூடாது, அது அலுமினியம்.

எவ்வளவு தூரத்துக்கு வழிப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஓரத்தில் ஒரு மீட்டர் மட்டும் வழித்தால், மேலே மிஞ்சிய பனி உருகி, நீங்கள் வழித்த இடத்தின் மேல் விளிம்பில் புது ஐஸ் அணை கட்டும். அது வெளிச்சுவருக்கு உட்பக்கமாக விழுந்தால் முந்தியதைவிட மோசம். குறைந்தது ஒன்றரை மீட்டர், எட்டினால் இரண்டு மீட்டர் வழியுங்கோ.

இறுகிப்போன ஐஸைச் சுத்தியலாலோ கோடரியாலோ தட்ட வேண்டாம். குளிரில் ஷிங்கிள் விறைத்துப்போய் இருக்கும், தட்டினால் வெடிக்கும். பழைய நைலான் காலுறைக்குள் கால்சியம் குளோரைடு மணிகளை நிரப்பி முடிச்சுப் போட்டு, ஐஸ் அணைக்குக் குறுக்காக, ஒரு நுனி பீலிக்கு (கட்டருக்கு) வெளியே எட்டிப்பார்க்கிற மாதிரிக் கிடத்தலாம். சில மணித்தியாலத்தில் அணையை அறுத்து ஒரு வாய்க்கால் விடும், தேங்கிய தண்ணீர் அந்த வழியால் இறங்கும். இதையும் ரேக்கின் பலகையில் வைத்து நிலத்தில் நின்றே ஏற்றுங்கோ. வீதிக்குப் போடும் சாதாரண உப்பு இதற்கு உதவாது. மைனஸ் 10க்குக் கீழே அது கிட்டத்தட்ட வேலையே செய்யாது, ஆணியையும் பீலியையும் அரிக்கும், கீழே செடியும் கருகும். கால்சியம் குளோரைடும் உலோகத்தை அரிக்கத்தான் செய்யும், அதனால் அவசரத்துக்கு மட்டும்.

முழு அணையையும் எடுக்க வேண்டுமென்றால், குறைந்த அழுத்த நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கோ. பிரஷர் வாஷரில் சுடுதண்ணீர் அடிப்பவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கோ, ஷிங்கிள் மணல் முழுக்கப் போய்விடும்.

இனிக் காரணம். வெளியே மைனஸ் 12, ஆனால் கூரைப் பனி அடியில் உருகுகிறது. அந்தச் சூடு உங்கள் வீட்டுக்குள்ளிருந்து அட்டிக்குக்கு, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்துக்குப் போகிற சூடு. உருகிய தண்ணீர் பனிக்கு அடியால் வழிந்து, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது, ஏனென்றால் அந்த இடத்துக்குக் கீழே வீடு இல்லை, வெறும் குளிர்காற்று. அடுத்தடுத்து வரும் தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்குகிறது. ஷிங்கிள் வழிந்தோடும் தண்ணீருக்குச் செய்தது, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அல்ல. அடுக்கின் கீழால் மேல்நோக்கி ஏறி உள்ளே இறங்கிவிடும். ஒன்பது வருட ஷிங்கிளில் இது நடந்தால் குற்றவாளியை அட்டிக்கில்தான் தேட வேண்டும்.

நாளைக் காலை வெயில் வருமுன் வீதியில் நின்று பாருங்கோ. பக்கத்து வீட்டுக் கூரையில் பனி சமமாகக் கிடக்க, உங்களுடையதில் திட்டுத் திட்டாக உருகியிருந்தால், அந்தத் திட்டுகளுக்கு நேர் கீழேதான் சூடு கசியும் ஓட்டை. அநேகமாகக் குளியலறை மேலேயும், கழிவுக்குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றியும் இருக்கும்.

கடலோடி

வடலி சொன்னதோடு ஒன்று. ரூஃப் ரேக்கால் இழுக்கும் பனி எங்கே விழும் என்பதை முதலில் பாருங்கள்.

ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) உள்ள வீடுகளில் பக்கச்சுவரிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், 5 அல்லது 7.5 செ.மீ. விட்டம். ஒன்று காற்றை உள்ளே இழுப்பது, மற்றது புகையை வெளியே விடுவது. கூரைப் பனி அவற்றை மூடினால், உள்ளே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். நடு இரவில் வீடு குளிர்ந்துபோய்க் கிடப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். ஃபர்னஸின் சின்னக் கண்ணாடித் துளை வழியே பார்த்தால் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன பொருள் என்ற பட்டியல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் எடுங்கள். குழாய்க்கு அடியில் எப்போதும் 30 செ.மீ. வெற்றிடம் இருக்கட்டும். அணில் போகாமலிருக்க நீங்களாக மெல்லிய வலை கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஈரப் புகை பட்டு உறைந்து, வலையே வாயை அடைத்துவிடும்.

கேஸ் மீட்டரும் அப்படியே. அதில் உள்ள ரெகுலேட்டருக்கு மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு. மேலே கட்டரிலிருந்து சொட்டும் தண்ணீர் அதன் மேல் உறைந்தால் கேஸ் அழுத்தம் தாறுமாறாகும். பனியென்றால் மென்மையான பிரஷ் போதும். ஐஸ் ஆகிவிட்டால் தட்டாமல், சுடுதண்ணீர் ஊற்றாமல் கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைகளுக்கு அருகே வேலை செய்கிறதா என்று இன்றே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

வழித்த பனியை வீதியில் தள்ளாதீர்கள். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது.

நொய்யல்

நன்றி வடலி அண்ணா, கடலோடி அண்ணா. பனியை வழித்துவிட்டேன், ஈரம் பரவவில்லை. அட்டிக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் நிற ஃபைபர்கிளாஸ் மெத்தை, 15 செ.மீ. கனம். ப்ளைவுட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளெல்லாம் வெள்ளையாக உறைபனி. குளியலறை ஃபேனின் குழாய் இணைப்பு விட்டு, இன்சுலேஷன் மேலேயே கிடக்கிறது. அப்படியானால் சீலிங் கறை கூரை ஒழுக்கா, இந்த உறைபனி உருகியதா?

வடலி

இரண்டையும் இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பிரிக்கலாம். வெளிச்சுவரை ஒட்டி, கடும் குளிர் இருக்கும்போதே ஈரம் வந்தால் ஐஸ் அணை. நல்ல குளிருக்குப் பிறகு திடீரென்று பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளில், சீலிங்கின் நடுவில் அங்குமிங்குமாகச் சொட்டினால் ஆணியில் இருந்த உறைபனி. உங்கள் கறை முதல் வகை. ஆனால் அடுத்த இளகலில் இரண்டாவதும் வரும், ஆயத்தமாக இருங்கோ. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்: வீட்டுக் காற்று மேலே ஏறுகிறது, சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

அந்தக் குழாயை இந்தக் கிழமையே சரிசெய்யுங்கோ. இன்சுலேஷன் சுற்றிய குழாயாக, ஆகக் குறுகிய வழியில், கூரைத் தொப்பிக்கோ பக்கச்சுவருக்கோ கொண்டுபோக வேண்டும். சொஃபிட்டுக்கு (கூரை ஓரத்தின் அடிப்பக்கம்) கொண்டுபோய் விட்டால் அதே ஈரக்காற்றைச் சொஃபிட் துவாரம் திரும்ப உள்ளே இழுக்கும். வீட்டு ஈரப்பதத்தையும் இறக்குங்கோ: வெளியே மைனஸ் 10 என்றால் 30 சதவீதம், மைனஸ் 20 என்றால் 25. ஃபர்னஸோடு ஹியூமிடிஃபையர் இருந்தால் அதன் திருகியைக் குறைத்துவிடுங்கோ. குக்கர் விசில் அடிக்கும் நேரமெல்லாம் அடுப்பு ஃபேன் ஓடட்டும், அது வெளியே ஊதும் வகையாக இருக்க வேண்டும்.

நிரந்தர வேலையில் வரிசை முக்கியம். முதலில் ஓட்டை அடைப்பு, பிறகுதான் இன்சுலேஷன். ஃபைபர்கிளாஸ் காற்றை மறிக்காது, வடிகட்டும் அவ்வளவுதான். ஓட்டையை அடைக்காமல் மேலே எவ்வளவு கொட்டினாலும் காற்று ஊடே போகும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அழுக்கேறிக் கறுத்த இடங்கள் தெரியும், காற்று பல வருடம் அந்த வழியால் போனதன் தடம் அது. கழிவுக்குழாயைச் சுற்றி, உட்சுவர்களின் மேல்மரம், வயர் இறங்கும் துளைகள், லைட் பெட்டிகள், எல்லாவற்றையும் ஸ்ப்ரே ஃபோமாலும் சீலண்டாலும் அடையுங்கோ. புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடாது, தகரமும் தீ தாங்கும் சீலண்டும்தான். சீலிங்கில் பொட் லைட் (உள்ளே பதித்த விளக்கு) இருந்தால், இன்சுலேஷன் படலாம் என்ற முத்திரை இல்லாதவற்றை மூடவே கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும், மாற்றுங்கோ. அட்டிக் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டியும், முதுகில் தடித்த ஃபோம் பலகையும்.

அதன்பின் சொஃபிட் ஓரத்தில் ஒவ்வொரு இடைவெளியிலும் காற்றுத்தடுப்புப் பலகை வைத்து, கூரைப் பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவில் ஐந்தாறு செ.மீ. வழி விடுங்கோ. காற்றுத் துவாரங்களின் மொத்தப் பரப்பு சீலிங் பரப்பில் 300ல் ஒரு பங்கு: 90 சதுர மீட்டர் சீலிங்குக்கு 0.3 சதுர மீட்டர். அதில் மேலே கால்வாசியாவது, கீழே கால்வாசியாவது இருக்க வேண்டும். மின்சார அட்டிக் ஃபேன் வேண்டாம். குளிர்காலத்தில் அது வீட்டுச் சூட்டைத்தான் உறிஞ்சி எடுக்கும்.

15 செ.மீ. மெத்தை ஏறக்குறைய ஆர் 20 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு). இன்றைய அளவு ஆர் 60. மிச்சத்துக்குச் செல்லுலோஸ் ஊதினால் இன்னும் 28 செ.மீ. போதும். மெத்தையை எடுக்கத் தேவையில்லை, அதன் மேலேயே ஊதலாம். நடுவில் பிளாஸ்டிக் தாள் மட்டும் விரிக்காதேங்கோ, ஈரம் சிறைப்படும்.

ஒரு எச்சரிக்கை. மெத்தைக்கு அடியில் வெள்ளியும் பழுப்புமாகச் சின்னக் கூழாங்கல் போல ஏதாவது கிடந்தால் கை வைக்காமல் கதவை மூடிவிடுங்கோ. 1990க்கு முந்திய வீடுகளில் வெர்மிகுலைட் என்ற பழைய இன்சுலேஷன் இருக்கலாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பரிசோதித்த பிறகுதான் எந்த வேலையும்.

ஆலமரம்

கூரை வேலைத் தரப்பிலிருந்து மீதிக் கேள்விகளுக்கு.

ஜனவரியில் கூரை மாற்றச் சொல்வது தவறான ஆலோசனை. ஷிங்கிள்களை ஒன்றோடொன்று ஒட்டும் தார்ப் பட்டை வெயில் சூட்டில்தான் பிடிக்கும். 5 டிகிரிக்குக் கீழே போட்டால் வசந்தம் வரை ஒட்டாமலே கிடக்கும், அதற்குள் காற்று தூக்கிவிடும். கூரை ஓரத்தில் ஷிங்கிளுக்கு அடியில் போடும் ஒட்டுத் தாளும் குளிரில் சரியாகப் பிடிக்காது.

என்றைக்காவது கூரை மாற்றும்போது அந்த ஒட்டுத் தாளை அளந்து பாருங்கள். ஒன்ராறியோ கட்டட விதி கேட்பது, ஓரத்திலிருந்து 90 செ.மீ. ஏறுவது மட்டும் இல்லை. வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 30 செ.மீ. உள்ளேயும் போக வேண்டும். உங்கள் ஓரம் சுவரிலிருந்து 60 செ.மீ. நீட்டி, சுவர் 15 செ.மீ. கனம் என்று வைத்தால், கிடையாக 105, சரிவில் 114 செ.மீ. ஒரு சுருளின் அகலம் சுமார் 90தான். ஆக இரண்டு வரிசை வேண்டும். ஒரு வரிசையோடு முடிப்பவர்கள் நிறைய. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஹீட்டிங் கேபிள் ஐஸில் வாய்க்கால் வெட்டும், காரணத்தைத் தொடாது. 30 மீட்டர் கேபிள் 500 முதல் 800 வாட் வரை இழுக்கும். கூரை ஓரத்தில் மட்டும் போட்டுக் கட்டரிலும் இறங்கு குழாயிலும் விடாமல் போனால், உருகியது குழாய்க்குள் உறைந்து குழாய் பிளக்கும். அடைப்பு வேலை எல்லாம் முடிந்தும் ஏதாவது ஒரு மூலையில் ஐஸ் கட்டினால் அந்த மூலைக்கு மட்டும் போடுங்கள்.

பாரம்: வீட்டுக் கூரைகளுக்கான குறைந்தபட்சக் கணக்கு 1 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. புதுப்பனி 25 செ.மீ. என்றால் 25 கிலோகூட வராது. அமுங்கி இறுகிய பழைய பனி கன மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ, அது 25 செ.மீ. இருந்தால் 60 முதல் 75 கிலோ. உங்கள் கூரை தாங்கும். பழைய பனி மேல் மழை பெய்து ஊறினால்தான் கவனிக்க வேண்டும். மாடிக் கதவுகள் திடீரென்று இறுகிப் பிடிப்பது, உட்சுவர் மூலைகளில் புது வெடிப்பு, மரம் முறியும் சத்தம், இவற்றில் எது வந்தாலும் எல்லோரும் வெளியே வந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தொங்கும் ஐஸுக்குக் கீழே நடைபாதையோ வாசலோ இருந்தால் கயிறு கட்டி மறியுங்கள், முக்கியமாகப் பிள்ளைகள் போகும் பக்கம். சீலிங் கறைக்கு இப்போதே பெயின்ட் அடிக்காதீர்கள். உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த பிறகு கறை மறைக்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் பெயின்ட். அந்த இடத்து மெத்தை ஊறியிருந்தால் தூக்கிக் காயவையுங்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.