1820களின் அயர்லாந்து: பாஸ்டோரினி தீர்க்கதரிசனம் குறித்து உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். அயர்லாந்தில் மதமும் மக்கள் அரசியலும் பிணைந்த வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் உங்கள் துணை தேவைப்படுகிறது.

கத்தோலிக்கர்களின் உரிமைக்காக வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல் 1823இல் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கத்துக்கு, மறு ஆண்டிலிருந்து ஏழைகளும் மாதம் ஒரு பென்னி கொடுத்தார்கள். வசூலுக்குப் பாதிரியார்கள் துணை நின்றார்கள். 1828இல் கிளேர் இடைத்தேர்தலில் குத்தகை விவசாயிகள் நிலக்கிழார்களை மீறி ஓ'கானலுக்கு வாக்களித்தார்கள். அன்று ரகசிய வாக்குமுறை கிடையாது. அந்தத் துணிச்சல் என்னை இன்றும் உலுக்குகிறது. 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினராகும் வழி திறந்தது. ஆனால் அதே ஆண்டில் ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலம் என்ற தகுதியில் வாக்களித்த அந்தச் சிறு விவசாயிகளின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. பெரும் அநியாயம் இது.

இதெல்லாம் ஓரளவு தெளிவாகிவிட்டது. சிக்கல் அதற்குச் சற்று முந்தைய காலத்தில். 1821 முதல் 1824 வரை தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியில் 'கேப்டன் ராக்' என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் நடந்த விவசாயக் கிளர்ச்சியில், புராட்டஸ்டன்ட் ஆதிக்கம் 1825க்குள் வீழும் என்ற 'பாஸ்டோரினி' (கத்தோலிக்க ஆயர் சார்லஸ் வால்ம்ஸ்லியின் புனைபெயர்) தீர்க்கதரிசனம் பரவியிருந்தது. அதை நம்பியவர்களே பிறகு பென்னி கொடுத்தார்களா? அல்லது இவை வேறு வேறு மக்கள் கூட்டங்களா?

கிராம அளவிலான வசூல் பதிவுகள், பாதிரியார்களின் கடிதங்கள், ஐரிஷ் மொழி நாட்டார் பாடல்கள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐரிஷ் மொழி வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது.